பதில் சரி, கதை தெரியாது: ரூ.2,850 கொடுத்து வாங்கிய ஆங்கில வாசிப்புப் பெட்டி

போன ஜூனில் பள்ளி திறந்த வாரம் ஆங்கில வாசிப்புப் பெட்டி ஒன்றை ரூ.2,850 கொடுத்து வாங்கினேன். பெயர் சொல்லப் போவதில்லை. நான் புரட்டிப் பார்த்த மற்ற இரண்டு பெட்டிகளும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருந்தன, அதனால் நீங்கள் எதை வாங்க யோசித்துக்கொண்டிருந்தாலும் இது பொருந்தும். ஆறு வண்ணத்தில் 144 அட்டைகள். முன்பக்கம் நூறு, நூற்றிருபது சொல்லில் ஒரு பத்தி, பின்பக்கம் ஐந்து கேள்வி, விடைக்குத் தனி அட்டை, மதிப்பெண்ணைக் கோடு போட்டு ஏற்ற ஒரு தாள், ஒரு வண்ணம் முடித்தால் ஒட்டிக்கொள்ள நட்சத்திர ஸ்டிக்கர். மூடியில் பெரிய எழுத்தில், மூன்றே மாதத்தில் உங்கள் பிள்ளை ஆங்கிலத்தைப் புரிந்து வாசிக்கும் என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன், அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதவும் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் வீட்டுத் திண்ணையில் மாலை டியூஷன் எடுக்கிறேன். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பதினொரு பிள்ளைகள், பாதிப் பேர் அரசுப் பள்ளி, பாதிப் பேர் இங்கிலீஷ் மீடியம். எந்த மீடியம் என்றாலும் வீட்டில் இங்கிலீஷ் பேச ஆள் கிடையாது. எழுத்துக் கூட்டி வாசிப்பதில் பெரிய குறை இல்லை, ஒரு பக்கத்தைக் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள், நிறுத்தி "என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சரிசெய்ய நினைத்தது அந்தப் பார்வையை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அட்டை கெட்டியானது, ஈரக்கை பட்டாலும் ஊறுவதில்லை, பத்து மாதத்தில் ஒன்றுகூடக் கிழியவில்லை. பத்தி சின்னது என்பதால் பிள்ளைகள் மலைக்கவில்லை. வண்ணம் மாறுவதில் ஒரு போட்டி இருக்கிறது, "நான் மஞ்சளுக்கு வந்துட்டேன்" என்று சொல்வதற்காகவே இரண்டு பேர் சீக்கிரம் வந்தார்கள். இந்த வண்ண அட்டை யோசனை பழசுதான், 1957-இல் அமெரிக்காவில் டான் பார்க்கர் என்பவர் எஸ்.ஆர்.ஏ. என்ற பதிப்பகத்தின் பெட்டியாகக் கொண்டுவந்து உலகம் முழுக்கப் பரவிய சரக்கு. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போகலாம் என்பது அதன் பலம், என் பெட்டியிலும் அந்தப் பலம் இருக்கிறது.

முதல் இரண்டு மாதம் எனக்கு ஒரே சந்தோஷம். தாளில் கோடு மேலே மேலே ஏறியது. மூன்று பேர் வாராவாரம் ஐந்துக்கு ஐந்து. பெற்றோரிடம் தாளைக் காட்டினேன், அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் பச்சை அட்டையை முடித்து நீட்டினான், ஐந்தும் சரி. மழை பிடித்துக்கொண்டதால் உடனே அனுப்ப முடியவில்லை, சும்மா இருக்கிறானே என்று அட்டையை வாங்கிக் கவிழ்த்துவைத்துவிட்டு "கதையைச் சொல்லு பார்ப்போம், தமிழ்லயே சொல்லு" என்றேன். "ஆடு டீச்சர்" என்றான். சரி, ஆட்டுக்கு என்ன? கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "ஆடு நாயைத் துரத்துச்சு. அப்புறம் நல்லா விழுந்துச்சு."

அட்டையில் இருந்தது இது: த கோட் வாஸ் சேஸ்ட் பை த டாக். இட் ஃபெல் இன்டு த வெல். அதாவது நாய் துரத்த, ஆடு கிணற்றில் விழுந்தது. 'வெல்' என்றால் 'நல்லா' என்று அவனுக்குத் தெரியும், நோட்டில் 'வெல் டன்' என்று நான்தானே எழுதிக் கொடுக்கிறேன். கிணறு என்ற அர்த்தம் தெரியாது. அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, கதையை நல்லபடியாகத்தான் முடித்திருக்கிறான். பின்பக்கக் கேள்விகளைத் திருப்பிப் பார்த்தேன். 'த கோட் வாஸ் சேஸ்ட் பை த' என்று போட்டு ஒரு கோடு. அதே வரியைத் தேடி அடுத்த சொல்லை எழுதினால் மார்க். 'வாட் ஃபெல் இன்டு த வெல்?' என்று அடுத்தது. வெல் என்ற சொல் எங்கே இருக்கிறதோ அதற்கு முன்னால் பார்த்தால் போதும். ஐந்து கேள்வியும் இப்படித்தான்.

அன்று ராத்திரி ஒரு அட்டை நானே எழுதினேன், தமிழில், அர்த்தமே இல்லாத சொற்களாகப் போட்டு. "கிமிலன் தன் பளுக்கையை டொப்பினான். டொப்பிய பளுக்கை வஞ்சாவில் போய்ச் சுரும்பியது." கிமிலன் எதை டொப்பினான்? பளுக்கை எங்கே போய்ச் சுரும்பியது? மறுநாள் கொடுத்தேன். பதினொரு பேரும் முழு மார்க். "பளுக்கைன்னா என்ன டீச்சர்?" என்று ஒரே ஒரு பெண் மட்டும் கேட்டாள், மூன்றாம் வகுப்பு. மற்றவர்களுக்கு அந்தச் சந்தேகம்கூட வரவில்லை, ஏனென்றால் அர்த்தம் தெரியாமல் பதில் எழுதுவது அவர்களுக்குப் பழகிப்போன வேலை. பழக்கியதில் என் பெட்டிக்கும் பங்கு உண்டு. நீங்களும் இதை உங்கள் வீட்டில் செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை, செலவில்லை.

அதற்குப் பிறகு அட்டை ஒவ்வொன்றையும் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். 1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு பேர் வாசிப்பைப் பற்றி ஒரு எளிய கணக்குச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறமையையும், காதால் கேட்டால் அந்த மொழி புரியும் திறமையையும் பெருக்கினால் வருவதுதான் புரிந்து வாசித்தல். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். என் பிள்ளைகளுக்கு முதல் எண் நன்றாக இருக்கிறது. இரண்டாவது எண்தான் அடிமட்டம், அந்தப் பத்தியை நான் வாசித்துக் காட்டினாலும் அவர்களுக்குப் புரியப்போவதில்லை. பெட்டி அந்த இரண்டாவது எண்ணைத் தொடவே இல்லை. புரிந்ததா என்று கேட்கிறது, கேட்கிறது, கேட்டுக்கொண்டே இருக்கிறது, எப்படிப் புரிந்துகொள்வது என்று ஒரு இடத்திலும் காட்டவில்லை. தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டே இருந்தால் காய்ச்சல் இறங்குமா?

சொல் விஷயம் அடுத்தது. ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து, ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பெண்ணிடம் பென்சிலைக் கொடுத்து, தெரியாத சொல்லுக்கு அடியில் கோடு போடச் சொன்னேன். 118 சொல்லில் 19 கோடு. ஹூ, நேஷன் என்ற இரண்டு பேர் 2000-இல் செய்த ஆய்வின்படி துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்து வாசிக்கச் சுமார் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும், அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். என் கணக்கில் ஒரு அட்டைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. பத்தொன்பது என்றால் அது வாசிப்பு இல்லை, புதிர் போடுவது. பெட்டியோடு சொற்பட்டியல் எதுவும் தரவில்லை, படமும் ஒப்புக்கு ஒன்று.

இதைவிட என்னைக் கடுப்பேற்றியது அட்டைகளில் வரும் ஊர். பனியில் சறுக்குவண்டி, பூசணிக்காய் பை என்ற பலகாரம், புகைபோக்கி, பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு பையன் மூன்றாவது பேஸைத் திருடுகிறான். இந்தத் 'திருடுகிறான்' எங்கள் திண்ணையில் பெரிய கலவரமாகிவிட்டது. "போலீஸ் புடிச்சாங்களா டீச்சர்?" பேஸ்பால் தெரிந்தவனுக்கு அது பந்து வீசும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு நைசாக ஓடுவது, தெரியாதவனுக்குக் களவு. வேடிக்கை என்னவென்றால் இதே பேஸ்பாலை வைத்து ரெக்ட், லெஸ்லி என்பவர்கள் 1988-இல் ஒரு ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள், வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாதவர்களைவிட அந்தப் பத்தியைச் சிறப்பாகப் புரிந்துகொண்டார்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கே அந்தக் கதி. நம் பிள்ளைகளிடம் ஒரு கிரிக்கெட் பத்தியைக் கொடுத்துப் பாருங்கள், பின்னி எடுப்பார்கள். (அதிலும் ஒரு கூத்து உண்டு. 'த பாய் ரேன்' என்று வந்தால் எத்தனை ரன் என்று கேட்பான்.)

இன்னொன்று தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரியது, பெட்டி செய்தவருக்கு அது தோன்றியே இருக்காது. தமிழில் 'நாய் ஆட்டைத் துரத்தியது' என்றாலும் 'ஆட்டை நாய் துரத்தியது' என்றாலும் யார் துரத்தியது என்பதில் குழப்பம் இல்லை, ஐ உருபு வேலையை முடித்துவிடும். இங்கிலீஷில் உருபு கிடையாது, சொல் நிற்கும் இடம்தான் அர்த்தம். நம் பிள்ளை கோட், சேஸ், டாக் என்று தெரிந்த மூன்று சொல்லைப் பொறுக்கிக்கொண்டு, முதலில் வந்ததைத் துரத்தியவனாக்கிவிடுகிறது, நடுவில் நிற்கும் வாஸ், பை இரண்டும் காதில் விழுவதே இல்லை. 'பிஃபோர் ஹி ஏட், ஹி வாஷ்ட் ஹிஸ் ஹேண்ட்ஸ்' என்றால் சாப்பிட்டுவிட்டுத்தான் கை கழுவினான் என்று அடித்துச் சொல்கிறார்கள், வரியில் அந்த வரிசையில்தானே இருக்கிறது! இட், தே, ஹிம் வரும்போது யாரைச் சொல்கிறது என்பது அடுத்த தொல்லை. இவற்றுக்கு ஒரு அட்டை, ஒரே ஒரு அட்டை ஒதுக்கியிருக்கலாம்.

சரி, ரூ.2,850 போனது போகட்டும் என்று பெட்டியைப் பரணில் போட மனசில்லை. பின்பக்கத்தை மறந்துவிட்டு முன்பக்கத்தை மட்டும் வைத்து என்ன செய்தேன் என்று சொல்கிறேன், இது பெட்டியில் எழுதியிருக்காது.

பேஸ்பால் வகையறாவை ஒதுக்கி, ஆடு, மழை, சந்தை, பஸ் என்று வருகிற நாற்பது அட்டையைப் பொறுக்கினேன். வாரத்துக்கு ஒரே அட்டை. முதல் நாள் புத்தகமே கிடையாது, வரப்போகிற ஐந்தாறு சொல்லைப் பேச்சில் விடுவேன், 'வெல்' வருகிறது என்றால் கொல்லைக் கிணற்றடிக்கே கூட்டிப்போய் விடுவேன். இரண்டாம் நாள் நான் வாசிப்பேன், அவர்கள் கேட்பார்கள், பாதியில் நிறுத்தி "இனி என்ன ஆகும்?" என்பேன். மூன்றாம் நாள் அவர்கள் வாசிப்பார்கள், ஒவ்வொரு 'இட்'டிலிருந்தும் அது குறிக்கும் சொல்லுக்குப் பென்சிலால் அம்பு போடுவார்கள். இந்த அம்பு விளையாட்டு அவர்களுக்கு உயிர். யார் யாரைத் துரத்தியது என்று இரண்டு பேர் எழுந்து நடித்துக் காட்டுவார்கள், நாயாக வர மட்டும் அடிதடி. கடைசி நாள் ஒரு பிள்ளை டீச்சர், நான் மாணவி. அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்குவது, சுருக்கிச் சொல்வது, நாலும் அந்தப் பிள்ளையின் பொறுப்பு. இது என் கண்டுபிடிப்பு இல்லை, 1984-இல் பலின்சார், பிரவுன் இருவரும் பள்ளியில் செய்து காட்டிய முறை, என்ன, அவர்கள் செய்தது இங்கிலீஷில், எங்கள் திண்ணையில் பேச்செல்லாம் தமிழில்.

அதில்தான் ஒரு வம்பு வந்தது. அந்த ஆட்டுக் கதைப் பையனின் அப்பா, வேன் ஓட்டுகிறவர், வாசலில் நின்று கேட்டுவிட்டு, "தமிழ்லயே பேசிக்கிட்டு இருக்கீங்களே டீச்சர், இங்கிலீஷ் எப்படி வரும்? முன்னாடி மார்க்காவது வந்துச்சு" என்றார். நியாயமான கேள்விதான். அவரை உட்காரவைத்து, பையனிடம் அந்தப் பழைய ஆட்டு அட்டையைக் கொடுத்து, முதலில் பின்பக்கக் கேள்வி, அப்புறம் கதை என்று இரண்டையும் செய்யச் சொன்னேன். இந்த முறை கதை சரியாக வந்தது, கிணற்றிலிருந்து ஆட்டைத் தூக்கிய விவசாயிக்கு ஒரு மீசையும் சேர்த்துச் சொன்னான். "இங்கிலீஷ்ல இருந்ததைத்தானே அண்ணே சொல்றான்?" என்றேன். புரிந்துகொண்டதை எந்த மொழியில் சொன்னாலும் புரிந்தது புரிந்ததுதான். நாடு முழுக்கக் கிராமங்களில் எடுக்கும் அசர் கணக்கெடுப்பின் இங்கிலீஷ் சோதனையிலும் பிள்ளை ஒரு வாக்கியத்தை வாசித்ததும் அதன் அர்த்தத்தைத் தன் மொழியில் சொல்லச் சொல்லித்தான் கேட்கிறார்கள். அப்பா முழுக்கச் சமாதானமாகவில்லை, ஆனால் பையனை நிறுத்தவும் இல்லை.

பெட்டியின் சேவையையும் சொல்ல வேண்டும். பச்சை வண்ணத்துக்கான விடை அட்டை எனக்கு வரவே இல்லை. எண்ணைத் தேடிப் போன் செய்தால், "ஆப்ல இருக்கு மேடம், டவுன்லோடு பண்ணிக்கங்க" என்றார்கள். ஆப் வருடத்துக்கு ரூ.499 கேட்டது. வாங்கிய பொருளில் இல்லாத பாகத்துக்கு மறுபடி காசா என்று கேட்டேன், மேலிடத்தில் சொல்கிறேன் என்று வைத்தவர்கள்தான். நீல அட்டை ஒன்றில் விடையே தப்பு, அதைச் சொல்ல நான் மறுபடி கூப்பிடவில்லை.

இதே காசுக்கு வேறு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது, முழுக்க இலவசம், திறந்த உரிமத்தில் இருப்பதால் பதிவிறக்கி, அச்செடுத்து, வெட்டி ஒட்டிக்கூடப் பயன்படுத்தலாம். நாலு நிலை வைத்திருக்கிறார்கள், முதல் நிலைக் கதை 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1,500 வரை, நாலாவது அதற்கும் மேல். எனக்கு அதில் பெரிய லாபம் நிலை இல்லை, ஒரே கதை தமிழிலும் இங்கிலீஷிலும் கிடைப்பது. திங்கட்கிழமை தமிழில் வாசித்துச் சிரித்து முடித்த கதையைப் புதன்கிழமை இங்கிலீஷில் எடுத்தால், கதை ஏற்கெனவே மண்டையில் இருக்கிறது, பிள்ளை சொல்லோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும், 'வெல்' வந்தால் அது கிணறாகத்தான் இருக்கும் என்று தானே கண்டுபிடித்துவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் நிலையா என்று கௌரவம் பார்க்காதீர்கள். 2023-இல் நம் பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்குத் தமிழ்ப் புத்தகங்கள் போட்டபோது நிலைகளுக்கு நுழை, நட, ஓடு, பற என்று பெயர் வைத்தார்கள், அழகான பெயர்கள். என் பிள்ளைகள் தமிழில் ஓடுகிறார்கள், இங்கிலீஷில் இப்போதுதான் நுழைகிறார்கள், நுழைகிறவனிடம் மஞ்சள் அட்டையை நீட்டியது என் தப்பு. அச்செடுத்துப் பின் அடிக்க எங்கள் கடைத்தெருவில் கதைக்கு ரூ.30 ஆகிறது, கறுப்பு வெள்ளையில். வண்ணம் பிள்ளைகளே தீட்டிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் பெட்டியை யார் வாங்கலாம்? வீட்டில் இங்கிலீஷ் புழங்கும் பிள்ளை, புரிந்துதான் வாசிக்கிறது, பரீட்சைப் பழக்கம் மட்டும் வேண்டும் என்றால் வாங்கலாம், அதுவும் ரூ.1,200-க்குக் கிடைத்தால். என் பிள்ளைகள் மாதிரி முதல் தலைமுறையாக இங்கிலீஷ் வாசிக்கிறவர்களுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் இல்லாமல் இந்தப் பெட்டியை மட்டும் கொடுத்தால், மார்க் ஏறும், கதை ஏறாது. பேச ஆள் இருந்தால் பெட்டியே தேவைப்படாது. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன், இரண்டும் அட்டையின் கெட்டித்தனத்துக்கு.

மதிப்பெண் தாளை அக்டோபரிலேயே நிறுத்திவிட்டேன். நட்சத்திர ஸ்டிக்கரில் நாலு தாள் பிரிக்காமல் கிடக்கிறது, அம்பாசமுத்திரம் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.